ஒரு மார்க் கேள்விக்கு இரண்டு விடை

வீடு திண்டிவனம், விழுப்புரத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் டியூஷன் எடுக்கிறேன். பாசஞ்சர் ரயில் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் டெஸ்ட் பேப்பர் திருத்துவது வழக்கம். 'விரிவாக்கம் தருக' என்ற பகுதிக்கு வந்தால்தான் சிவப்புப் பேனா தயங்கும்.

ஃபோர்ட்ரான் என்ற புரோகிராம் மொழியின் பெயருக்கு 'ஃபார்முலா டிரான்ஸ்லேஷன்' என்று ஒரு பையன் எழுதியிருப்பான். 'டிரான்ஸ்லேட்டர்' என்று ஒரு பெண் எழுதியிருப்பாள். இரண்டும் புத்தகங்களில் இருக்கின்றன. ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழு 1954-இல் வெளியிட்ட அறிக்கையிலோ 'ஃபார்முலா டிரான்ஸ்லேட்டிங் சிஸ்டம்'! இருவருக்கும் மார்க் போட்டுவிடுவேன்.

ஸ்பூல் வழக்கு இன்னும் சுவையானது. அந்தக் கால மெயின்ஃபிரேமின் ஒவ்வொரு நிமிடமும் காசு. துளையிட்ட அட்டைகளைப் படிக்கும் கருவியும் பிரிண்டரும் அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஆகவே ஐபிஎம் 1401 போன்ற சின்ன மெஷினில் அட்டைகளைக் காந்த நாடாவுக்கு மாற்றி, நாடாவைப் பெரிய மெஷினில் ஏற்றுவார்கள். விடையும் நாடாவில் வந்து, பிறகு சாவகாசமாக அச்சாகும். டிஸ்க் வந்தபின், மற்றக் கணக்குகளுக்கு நடுவே பெரிய மெஷினே இதைப் பார்த்துக்கொண்டது. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் சிக்கினால் 'ஸ்பூலர்' ரீஸ்டார்ட் செய்கிறார்களே, அதன் பாட்டன் இதுதான்.

இந்த ஏற்பாட்டின் பெயரான ஸ்பூல், 'சைமல்டேனியஸ் பெரிஃபெரல் ஆபரேஷன்ஸ் ஆன்லைன்' என்பதன் சுருக்கம் என்கிறது ஒரு கட்சி. நாடா சுற்றிய உருளைக்கே ஸ்பூல் என்றுதான் பெயர், விரிவாக்கம் பிற்பாடு ஒட்டவைத்தது என்கிறது மறுகட்சி. நான் மறுகட்சி. எழுத்துகள் இவ்வளவு கச்சிதமாகக் கூடிவந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

புரோகிராம் பாதியில் செத்தால் அது 'அபெண்ட்'. எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறேதாவது இருந்தால் '0சி7' என்ற குறியோடு நின்றுவிடும். 'அப்நார்மல் எண்ட்' என்பதே இதன் மூலம். ஆனால் ஜெர்மன் மொழியில் 'ஆபெண்ட்' என்றால் மாலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெஷினை மூடிவிட்டுக் கிளம்பும் ஆபரேட்டர்கள் வைத்த பெயர் என்று ஒரு வேடிக்கைக் கதை உலவுகிறது. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1973-இல் ஐபிஎம் 370 வந்திறங்கிய சென்னை ஐஐடியில், அந்த வேடிக்கைக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

அமெரிக்காவின் லாஸ் அலமாஸில் 1952-இல் ஓடிய மெஷினுக்கு நிக்கோலஸ் மெட்ரோபொலிஸ் 'மேனியாக்', அதாவது பித்தன், என்று பெயர் வைத்ததே இந்தச் சுருக்கப்பெயர் மோகத்தை நிறுத்தத்தான். மோகம் நின்றபாடில்லை. நம் டிஃப்ராக்குக்கு மட்டும் தகராறே கிடையாது. பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960-இல் இயங்கத் தொடங்கிய கணிப்பொறி அது. 1962-இல் பெயர் சூட்டியவர் நேரு. பெயரிட்டவர் யார், எப்போது என்பது பதிவாகியிருந்தால் வழக்குக்கு இடமில்லை.

அதனால் இப்போதெல்லாம் விரிவாக்கத்துக்கு ஒரு மார்க், 'ஸ்பூல் எதற்குத் தேவைப்பட்டது?' என்பதற்கு ஐந்து மார்க் வைக்கிறேன். முதலாவதில் கோட்டைவிட்ட பிள்ளைகள் பலர் இரண்டாவதில் முழுசாக வாங்கிவிடுகிறார்கள்.