வாடகைச் சுவரும் காராகாமித் தாளும்

பணியின் பொருட்டு டோக்கியோவில் வாழ்ந்த ஆண்டுகளில், எங்கள் வாடகை வீட்டின் சுவர்களை வெறும் வெள்ளை வினைல் தாளே மூடியிருந்தது. கியோத்தோவின் கட்சுரா அரச மாளிகையில், 'ஃபுசுமா' எனப்படும் தாள் கதவுகளில் மின்னும் இலைச் சின்னங்களைக் கண்டு திரும்பியபின், அத்தகைய தாளால் எங்கள் கூடத்தையும் அழகுபடுத்த விழைந்தோம்.

அத்தாளின் பெயர் காராகாமி. 'சீனத்துத் தாள்' என்பது பொருள். சீனத்திலிருந்து வந்த கலையை ஜப்பானியர் தமதாக்கிக்கொண்டனர். அப்ரகப் பொடி கலந்த வண்ணத்தைச் செதுக்கிய மரக்கட்டையில் ஒற்றி, அதன்மீது தாளை விரித்து, உள்ளங்கையால் மெல்லத் தடவி எடுக்கின்றனர். 1624இல் கியோத்தோவில் தொடங்கிய காராச்சோ பட்டறை, ஏறத்தாழ 650 பழங்கட்டைகளைக் காத்து வருகிறது.

பெருங்கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைப்பவை இயந்திரத்தில் அச்சிட்டவை. கையால் அச்சிட்ட தாளை, அதற்கெனவுள்ள கடைகளில் மாதிரிகளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாதிரியைச் சாய்த்துப் பார்த்தால், அப்ரகக் கோலம் ஒளிக்கேற்பத் தோன்றி மறையும். சுவரின் அளவையும் தாளின் அளவையும் முன்னரே குறித்துச் செல்வது நன்று.

தாளைத் தேர்ந்தபின் ஒட்டுவதற்கு முதிய கைவினைஞர் ஒருவரை நாடினோம். அவர் கேட்ட முதற்கேள்வி: "வீடு சொந்தமா, வாடகையா?"

நாள்தோறும் பிறருடைய கடன் பத்திரங்களை வரிவரியாகப் படிக்கும் நாங்கள், எங்கள் வாடகை ஒப்பந்தத்தை அன்றுதான் முழுமையாகப் படித்தோம். இயல்பான தேய்மானம் வீட்டு உரிமையாளரைச் சார்ந்தது. குடியிருப்பவர் செய்யும் மாற்றத்தைச் சீராக்கும் செலவோ அவரையே சாரும். அது 'ஷிகிகின்' எனும் முன்பணத்தில் கழிக்கப்படும். அரசின் வழிகாட்டு நெறிகளின்படி, சாதாரணச் சுவர்த்தாளின் மதிப்பு 6 ஆண்டுகளில் 1 யென்னாகக் குறைந்துவிடுகிறது. ஃபுசுமாத் தாளுக்கு அத்தகைய ஆண்டுக் கழிவு கிடையாது. ஆகவே, கதவில் ஒட்டலாம் என்ற எங்கள் மாற்று எண்ணத்தையும் கைவிட்டோம்.

வழியைக் காட்டியவரும் அக்கைவினைஞரே. இரு மடிப்புகொண்ட மரத்திரை ஒன்றைச் செய்து, அதில் காராகாமியை ஒட்டித் தந்தார். சுவரில் ஓர் ஆணியும் அடிக்கவில்லை. வீட்டைக் காலி செய்தபோது, துப்புரவுக் கட்டணம் போக முன்பணம் எங்கள் கணக்குக்குத் திரும்பியது.

அயல்நாட்டில் குடியேறும் வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் கூறுவது இதுவே: வீட்டை அழகுபடுத்துமுன் ஒப்பந்தத்தைப் படியுங்கள், மாற்றம் எதற்கும் உரிமையாளரின் இசைவை எழுத்தில் பெறுங்கள், இயன்றவரை, உடன் எடுத்துச் செல்லக்கூடியதையே செய்துகொள்ளுங்கள்.

அத்திரை இன்று எங்கள் மும்பை இல்லத்தில் நிற்கிறது. மழைக்காலத்தில் மட்டும் ஈரச் சுவரிலிருந்து சற்றே தள்ளி வைக்கிறோம்.