கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறுவதற்கு முன்

கவரைப்பேட்டையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு மகன் காலை ஏழரைக்கு வீடு திரும்புகிறார். வாசலில் அப்பா சட்டையை மாட்டி, சாப்பாட்டுப் பையோடு நிற்கிறார். கம்பெனி பஸ் இன்னும் வரவில்லையாம். அவர் ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆகிறது. “நைனா, உனக்குத்தான் வேலை முடிஞ்சிடுச்சே” என்று சொன்னால் கோபம் வருகிறது. அன்று மாலை மருமகள் போனில் ‘மறதி நோய் தெரபிஸ்ட்’ என்று தேடிப் பார்க்கிறார். அண்ணா நகர், அடையாறு, வேளச்சேரி என்று முகவரிகள் வருகின்றன. கும்மிடிப்பூண்டி என்று சேர்த்துப் போட்டால் முட்டிவலிக்கு பிசியோதெரபி பார்க்கும் கிளினிக் இரண்டு வருகிறது.

திருவள்ளூர் மாவட்டத்தில் இந்தத் தேடல் பெரும்பாலும் இப்படித்தான் முட்டிக்கொண்டு நிற்கும். தேடும் சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது. டிமென்ஷியாவுக்கென்று ‘தெரபிஸ்ட்’ என ஒற்றை ஆள் எங்கேயும் கிடையாது, அடையாற்றிலும் கிடையாது. நோயைக் கண்டுபிடிப்பவர் ஒருவர், மருந்து எழுதுபவர் ஒருவர், குளிப்பாட்டவும் சாப்பிட வைக்கவும் சொல்லித் தருபவர் இன்னொருவர். இதில் எந்த வேலைக்குச் சென்னை போக வேண்டும், எதை வீட்டுப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பிரித்துக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

முதல் வேலை டாக்டரிடம்தான். மறதி என்று வரும் எல்லோருக்கும் டிமென்ஷியா இருக்காது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தத்தில் உப்பு குறைவது, தூக்க மாத்திரை, காது சரியாகக் கேட்காதது என எதுவும் மறதிபோலத் தோன்றலாம். மூன்று வாரத்துக்கு முன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டதை எல்லோரும் மறந்திருப்பார்கள். மண்டைக்குள் மெல்ல ரத்தம் கட்டிக்கொண்டிருக்கும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்துவிட முடியும். மனைவியை இழந்த ஆணுக்கும், வேலை ஓய்ந்த மறுநாளிலிருந்து யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாத மனிதருக்கும் வரும் மனச்சோர்வும் இதே வேஷம் போடும். அதற்கு மருந்தும் உண்டு, பேச்சு சிகிச்சையும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. முந்தாநாள் வரை நன்றாக இருந்தவர் இரண்டே நாளில் ஆள் தெரியாமல் பிதற்றினால், அதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்றோ, நெஞ்சுச் சளியோ, உப்பு இறங்கியதோ காரணமாக இருக்கலாம். டிமென்ஷியா மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல வருவது. நாள்கணக்கில் வந்தால் அது அவசரம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

நோய் அரிதானதும் இல்லை. 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாகக் கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். சிகிச்சை இடங்களோ நகரத்தில் குவிந்திருக்கின்றன.

உள்ளூரில் எங்கே தொடங்குவது? திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாட்டின் பதினோரு புதிய மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றாக 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பொது மருத்துவர் என்ற முதல் கட்டத்துக்குச் சென்னை ஓட வேண்டியதில்லை. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கத்தார் தங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கேள்வி கேட்டு வரலாம்: “மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் எந்தக் கிழமை வர்றாரு?” ‘மனநலம்’ என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் யாராவது, “அப்பாவுக்கு என்ன பைத்தியமா?” என்று எழுந்து போய்விடுவார்கள். டிமென்ஷியா மூளையில் வரும் நோய். அதற்கு மருந்தும் வழியும் சொல்லப் பயிற்சி பெற்றவர்களில் மனநல மருத்துவரும் ஒருவர், அவ்வளவுதான். நரம்பியல் நிபுணருக்காக ஆறு மாதம் காத்திருப்பதைவிட, கைக்கெட்டும் மனநல மருத்துவரை இந்த மாதமே பார்ப்பது மேல் என்பது என் கருத்து.

சென்னை போக வேண்டி வந்தால் இந்த மாவட்டத்துக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. திருவள்ளூர் வண்டியும் சரி, கும்மிடிப்பூண்டி வண்டியும் சரி, போய் நிற்பது சென்ட்ரலில். சாலையைத் தாண்டினால் ஜி.எச். எனும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. இந்தியாவில் முதியோர் மருத்துவம் தனித் துறையாக வேர்விட்டதே அங்கேதான். மருத்துவர் வி.எஸ். நடராஜன் 1978-இல் தொடங்கிய முதியோர் புறநோயாளிப் பிரிவு அது; பின்னாளில், 2012-இல், அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கிருந்து மெட்ரோ பிடித்தால் கிண்டி. கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தொண்டு நிறுவனங்களில், அண்ணா நகர் மேற்கு விரிவில் இருக்கும் ஸ்கார்ஃப், டிமென்ஷியாவுக்கென்றே ‘டெம்கேர்ஸ்’ என்ற பிரிவை நடத்துகிறது. மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய அமைப்பு ஸ்கார்ஃப்.

காலை ஆபீஸ் நேர வண்டியில் மறதிக்காரரை ஏற்றாதீர்கள். கூட்டமும் சத்தமும் அவரைக் குலைத்துவிடும்; டாக்டர் பார்க்கும்போது நிஜ நிலையைவிட மோசமாகத் தெரிவார். நேர்மாறாகவும் நடக்கும். டாக்டர் முன்னால் வெள்ளைச் சட்டையோடு கம்பீரமாக உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, வெளியே வந்ததும் “இது யார் வீடு?” என்பார். ஆகவே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, முதலில் எது மறந்தது (பணக் கணக்கா, வழியா, பேரா), இரவுத் தூக்கம் எப்படி, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார். மாத்திரைப் பையை அப்படியே எடுத்துப் போவது இன்னும் நல்லது. எல்லாவற்றுக்கும் மேல், அவரோடு பகல் முழுக்க இருப்பவர் கூடப் போக வேண்டும். பெரும்பாலும் அது மருமகளோ மனைவியோதான். ஆனால் டாக்டர் அறையில் உட்கார்ந்து பேசுவது என்னவோ மகனாகவே இருக்கிறார்.

மொழியையும் கவனியுங்கள். ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, திருத்தணி பக்கம் தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய. மறதி கூடும்போது பின்னால் கற்ற மொழி முதலில் நழுவி, தாய்மொழி கடைசி வரை நிற்பதுண்டு. தமிழில் கேட்டால் விழிப்பவர் தெலுங்கில் கேட்டால் பளிச்சென்று சொல்வார். டாக்டரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஹைதராபாத்தில் 648 நோயாளிகளை வைத்துச் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மொழி பேசுபவர்களுக்கு ஒரே மொழி பேசுபவர்களைவிட நாலரை வருஷம் தாமதமாக டிமென்ஷியா தொடங்கியது தெரிந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. எல்லையோர மக்களுக்கு இது சின்ன ஆறுதல். பள்ளி போகாதவரைச் சோதிக்கும் கேள்விகளும் வேறாக இருக்க வேண்டும். இன்று என்ன தேதி என்பது ஆபீஸ் கேள்வி. அமாவாசை போய் எத்தனை நாளாச்சு என்பதுதான் பள்ளி போகாத ஆயாவின் உலகத்துக் கேள்வி. நல்ல நிபுணர் இப்படி மாற்றிக் கேட்பார். அவரை எடைபோட நான் பார்க்கும் முதல் அடையாளம் இது.

செலவுக்கு வருவோம். தொழிற்பேட்டைக் குடும்பங்கள் கையில் ஒரு சீட்டு இருந்தும் பலருக்கு அது நினைவுக்கு வருவதில்லை: இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு, கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும்தான், உள்ள காப்பீடு இது. தொழிலாளியைச் சார்ந்து வாழும் தாய் தகப்பனுக்கும் இதில் சிகிச்சை உண்டு; பெற்றோர் வருமானத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது. சொற்ப பென்ஷன் வருகிறது என்பதாலேயே தகுதி போய்விட்டதாக நீங்களாக முடிவு கட்டாதீர்கள், அலுவலகத்தில் கேளுங்கள். பெற்றோர் பெயர் அட்டையில் ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஐந்து வருஷமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து வயது முடிந்து ஓய்வு பெற்றவர், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் தன் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். கவரைப்பேட்டை அப்பா ஓய்வு பெற்ற வாரத்திலேயே யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இனி ‘தெரபி’. டோனபெசில், ரிவாஸ்டிக்மின், மெமன்டின் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சில காலம் கைகொடுக்கும், நோயை விரட்டாது. அன்றாட வாழ்வைத் தாங்கிப் பிடிப்பது மற்ற வேலைகள்தான். சட்டைப் பித்தான் போடுவதிலிருந்து பாத்ரூமில் கைப்பிடி எங்கே பொருத்துவது என்பது வரை பார்ப்பவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். விழுங்கும்போது புரையேறத் தொடங்கினால் பேச்சு சிகிச்சையாளர். பேச்சுக்கு மட்டுமே அவர் என்று நினைத்துப் பலர் போவதில்லை. நினைவுச் சோதனைக்கும், குடும்பத்தார் மனம் உடைந்துபோகும்போது பேசவும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். அந்த முட்டிவலி பிசியோதெரபி கிளினிக்கைக்கூட ஒதுக்கிவிடாதீர்கள். நடை தள்ளாடுபவர் விழாமல் இருக்க அங்கே கற்றுத்தரும் பயிற்சி பெரிய உதவி.

குழுவாக உட்கார்ந்து செய்யும் ‘அறிவுத் தூண்டல் சிகிச்சை’ என்று ஒன்று பிரிட்டனில் உருவானது. வாரம் இரண்டு முறை, ஏழு வாரம், மொத்தம் பதினான்கு அமர்வு. பழைய பாட்டு, சாப்பாடு, பணம், ஊர்ச் செய்தி என்று பேச்சும் விளையாட்டுமாகப் போகும். தொடக்க, நடுக்கட்ட நோயாளிகளுக்கு இது பயன்படுவதை 2003-இல் வந்த ஆய்வு காட்டியது. சென்னையில் ஸ்கார்ஃப் குழுவினர் அதை நம் மக்களுக்கு ஏற்றபடி மாற்றிச் சோதித்துப் பார்த்தார்கள். வாரம் இரண்டு முறை கும்மிடிப்பூண்டியிலிருந்து அண்ணா நகர் போவது நடக்கிற காரியமா? பெரும்பாலான வீடுகளுக்கு நடக்காது. ஒன்றிரண்டு முறை போய், எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வீட்டுத் திண்ணையில் தொடரலாம். நிபுணரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: “எங்களுக்குச் சொல்லித் தருவீங்களா, போன்ல பேசலாமா?” முடியாது, வாரா வாரம் அழைத்து வாருங்கள் என்பவர் இந்த ஊர்க்காரருக்குத் தோதுப்படமாட்டார்.

போர்டு மாட்டியவர்களிலும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டிருந்தால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் கோபிக்காமல் சொல்வார்கள். மூன்று மாதத்தில் ஞாபகம் திரும்பிவிடும் என்று பேக்கேஜ் பணம் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வல்லாரைத் துவையல் நல்ல துவையல்தான். டிமென்ஷியாவுக்கு மருந்தாக ஆயிரக்கணக்கில் பொடி வாங்க வேண்டாம்.

சொல்லித் தரும் நிபுணர் கிடைத்தால் என்ன மாறும்? வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும் அப்பாவிடம் வாதாடுவது முதலில் நிற்கும். “இன்னிக்கு வீக் ஆஃப் நைனா, வா, டீ குடிக்கலாம்” என்று பையை வாங்கி வைத்தால் போதும். பொய்யாச்சே என்று மகனுக்கு உறுத்தலாம். முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்த உடம்பு கேட்பது வேலையை. அந்த நேரத்தில் கையில் ஏதாவது கொடுங்கள். பழைய டப்பாவில் நட்டு, போல்ட்டுகளைப் பிரித்து அடுக்கச் சொன்னாலும் உட்கார்ந்துவிடுவார். ஓய்வு பெற்ற எவருக்கும் வேண்டியது இதுதான், மறதி இல்லாதவருக்கும்கூட.

கதவு விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். நெடுஞ்சாலை ராப்பகலாகக் கன்டெய்னர் லாரி ஓடும் சாலை. தாழ்ப்பாளைக் கண்ணுக்கு நேராக இல்லாமல் மேலேயோ கீழேயோ மாற்றுங்கள். சட்டைப்பையில் போன் நம்பர் எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும். திருவள்ளூர் வைத்திய வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க அழைத்துப் போவது மனசுக்கு நல்லது. அமாவாசைக் கூட்டத்தைத் தவிர்த்து வேறு நாளில் போங்கள். ஆள் காணாமல் போனால் ஒரு மணி நேரம் தேடிவிட்டுச் சொல்லலாம் என்று இருக்காமல் உடனே 112-ஐ அழையுங்கள்.

பார்த்துக்கொள்பவருக்குத் தாங்க முடியாமல் போகும் ராத்திரிகளுக்கு 14416, அரசின் டெலி மானஸ் எண். தமிழில் பேசலாம், காசில்லை. மருமகளும் அழைக்கலாம். முதியோருக்கான உதவி எண் 14567; பென்ஷன், சட்டம், கைவிடப்பட்டவர் பற்றியெல்லாம் கேட்கலாம்.

நோய் உறுதியானதும் தள்ளிப்போடக் கூடாத காரியம் ஒன்று உண்டு. அவருக்கு விவரம் புரியும் காலத்திலேயே பேங்க் கணக்கில் இன்னொரு பெயர், நாமினி, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடம் எல்லாவற்றையும் அவரோடு உட்கார்ந்து பேசி முடியுங்கள். கையெழுத்து மாறத் தொடங்கிய பிறகு கவுண்டரில் நிற்பது பெரும்பாடு. பி.எஃப். பென்ஷன் வாங்குபவர் வருஷம் ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். அதை எந்த மாதத்திலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். மெஷினில் உழைத்த கைகளின் ரேகை பல நேரம் பதியாது; போனிலேயே முகத்தைக் காட்டிச் செய்யும் வசதி இப்போது இருக்கிறது. அப்பா போனைப் பார்த்து உட்காரும் நல்ல நேரமாகப் பார்த்து, காலை டீக்குப் பிறகு, செய்துவிடுங்கள்.