கண் கண்டதும் கருவி அளந்ததும்

நுழையும்முன்

விளையாட்டு விதிகளால் ஆனது. விதியை மீறியவர் யார் என்பதை முடிவுசெய்ய நடுவர் இருக்கிறார். அந்நடுவரின் கண்ணுக்குப் புலப்படுவது எப்போதும் உண்மைதானா? ஒரு பந்துவீச்சாளரின் முழங்கை குறித்து எழுந்த இக்கேள்வி, உலகெங்கும் ஆடப்படும் கிரிக்கெட்டின் விதியையே திருத்தி எழுதச் செய்தது. அவ்வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

வீசுதலும் எறிதலும்

விடுமுறை நாள்களில் ஆரணியாற்றின் மணற்பரப்பிலும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய வெற்றுமனைகளிலும் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடுவதைக் காணலாம். பந்து வீசுபவன் கையை மடக்கி விசையோடு விட்டால், எதிரணியினர் உடனே ‘மாங்கா அடிக்கிறான்’ என்று குரல் எழுப்புவர். இக்கேலிச்சொல்லில் ஓர் அறிவியல் உண்மை அடங்கியுள்ளது. மரத்திலுள்ள மாங்காயைக் கல்லால் எறியும்போது முழங்கை முதலில் மடங்கி, பின் வெடுக்கென நிமிர்கிறது. அந்நிமிர்வே கல்லுக்குக் கூடுதல் விசையைத் தருகிறது. பந்துவீச்சில் அவ்விசைக்கு இடமில்லை. தோளைச் சுழற்றியே பந்தை விடுதல் வேண்டும். வீசுதல், எறிதல் ஆகிய இரு சொற்களும் பேச்சுவழக்கில் ஏறத்தாழ ஒரே பொருளைத் தரினும், கிரிக்கெட்டில் முன்னது ஆட்டம், பின்னது குற்றம்.

இங்கு ஒன்றை நுட்பமாக உணர்தல் வேண்டும். கை மடங்கியிருப்பது குற்றமன்று. வீசும் கை தோளின் மட்டத்தை அடைந்த பிறகு, பந்து விரல்களை விட்டு நீங்கும் வரையில், மடங்கிய முழங்கை நிமிர்வதே குற்றமாகும். தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே அளவில் மடங்கியே இருக்கும் கையால் வீசப்படும் பந்து விதிக்கு உட்பட்டதே. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமையே பல பூசல்களுக்குக் காரணமாயிற்று.

தோளுக்கு மேல் உயர்ந்த கை

கிரிக்கெட் தோன்றிய இங்கிலாந்தில், தொடக்கக் காலத்தில் கையைத் தாழ்த்தியே பந்தை விட்டனர். கையைப் பக்கவாட்டில் நீட்டிச் சுழற்றும் முறையைச் சிலர் கையாண்டபோது அது முறைகேடெனக் கருதப்பட்டது. 1822ஆம் ஆண்டு இலண்டன் லார்ட்ஸ் திடலில் கென்ட் அணியின் ஜான் வில்லிஸ் அவ்வாறு வீசினார். நடுவர் அதனை முறையற்ற பந்து என அறிவித்தார். சினமுற்ற வில்லிஸ் பந்தை எறிந்துவிட்டுத் தம் குதிரையிலேறித் திடலைவிட்டு நீங்கினார் என்பர். ஆயினும், அவர் கையாண்ட முறை 1835இல் விதியின் ஏற்பைப் பெற்றது.

அடுத்து, தோளுக்கு மேல் கையை உயர்த்தலாமா என்னும் வினா எழுந்தது. 1862இல் ஓவல் திடலில் எட்கர் வில்ஷர் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தி வீசினார் எனக் கூறி, நடுவர் ஜான் லில்லிவொய்ட் தொடர்ந்து ஆறு பந்துகளை முறையற்றவை என அறிவித்தார். வில்ஷரும் அவருடைய தோழர்களும் திடலைவிட்டு வெளியேறினர். இரண்டே ஆண்டுகளில், 1864இல், கையை எவ்வளவு உயரத்திலும் சுழற்றி வீசலாம் என விதி திருத்தப்பட்டது. இன்று உலகமே பின்பற்றும் பந்துவீச்சு முறை, ஒரு காலத்தில் குற்றமாகக் கருதப்பட்டதே ஆகும்.

கண் அளித்த தீர்ப்புகள்

கையின் உயரத்தைக் கண்ணால் கண்டறிவது எளிது. முழங்கையின் நிமிர்வோ அத்தகையதன்று; நொடிப்பொழுதின் மிகச் சிறு பகுதிக்குள் அது நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. அதனைக் கண்டு தீர்ப்பு வழங்கும் பொறுப்பு நடுவரின் கண்ணுக்கே விடப்பட்டது. 1897–98 தொடரில் ஆஸ்திரேலியாவின் எர்னி ஜோன்ஸ், எறிந்ததற்காகத் தேர்வுப்போட்டியில் குற்றம்சாட்டப்பட்ட முதல் பந்துவீச்சாளர் ஆனார்.

1960ஆம் ஆண்டு லார்ட்ஸ் திடலில் தென்னாப்பிரிக்காவின் ஜெஃப் கிரிஃபின் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூவரை ஆட்டமிழக்கச் செய்தார். அதே போட்டியில் அவர் எறிந்ததாகப் பதினொரு முறை அறிவிக்கப்பட்டது. சிறு வயதில் நேர்ந்த விபத்தால் வலக்கையை முழுமையாக நேராக்க இயலாதவர் அவர். அப்போட்டி விரைவில் முடிந்தமையால் நடத்தப்பட்ட காட்சிப்போட்டியிலும் அதே குற்றம் சாட்டப்பட்டது. எஞ்சிய பந்துகளைக் கையைத் தாழ்த்தி வீச முயன்றார். முறையை மாற்றுவதை முன்கூட்டியே தெரிவிக்கவில்லை என்று அதுவும் முறையற்ற பந்தாயிற்று. அதன்பின் அவர் தேர்வுப்போட்டிகளில் ஆடவே இல்லை.

1963 டிசம்பரில் பிரிஸ்பேன் நகரில் ஆஸ்திரேலியாவின் இயன் மெக்கிஃப் ஒரே ஓவரில் நான்கு முறை குற்றம்சாட்டப்பட்டார். அந்த ஓவரோடு அவருடைய ஆட்ட வாழ்வு முடிவுற்றது. இவர்கள் உண்மையிலேயே எறிந்தனரா என்பதை அளந்தறியும் கருவி எதுவும் அந்நாளில் இல்லை.

கண்டியிலிருந்து மெல்போர்ன் வரை

இச்சிக்கலை அறிவியலின் வாயிலுக்குக் கொண்டுசென்றவர் தமிழரான முத்தையா முரளிதரன். தமிழகத்திலிருந்து இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற குடும்பத்தின் வழித்தோன்றலான இவர், 1972ஆம் ஆண்டு கண்டியில் பிறந்தார். புனித அந்தோணியார் கல்லூரியில் பயின்றபோது மிதவேகப் பந்துவீச்சாளராக விளங்கியவர், பயிற்சியாளரின் அறிவுரைப்படி சுழற்பந்துக்கு மாறினார். 1992இல் இலங்கை அணிக்காகத் தேர்வுப்போட்டியில் அறிமுகமானார். பிறவியிலேயே அவருடைய வலக்கை முழுமையாக நேராகாது. மணிக்கட்டோ மற்றவர்க்கு இயலாத அளவு வளைந்து சுழலும்.

1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்போர்ன் திடலில், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர் முன்னிலையில், நடுவர் டேரல் ஹேர் மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை முரளிதரன் எறிந்ததாக அறிவித்தார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரை மறுமுனையிலிருந்து வீசச் செய்தார். அம்முனையின் நடுவரான ஸ்டீவ் டன் ஒரு பந்தையும் குறைகூறவில்லை. அதே நாள், அதே கை, அதே பந்துவீச்சு. ஒரு கண்ணுக்குக் குற்றம், மற்றொரு கண்ணுக்கு முறைமை.

பத்து நாள்களுக்குப் பின் பிரிஸ்பேனில் நடுவர் ராஸ் எமர்சனும் அவ்வாறே அறிவித்தார். 1999இல் அடிலெய்டு திடலில் எமர்சன் மீண்டும் அறிவித்தபோது, ரணதுங்க தம் அணியினரை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றார். ஆட்டம் சிறிது நேரம் தடைப்பட்டது. எறிபவர் என்னும் பழிச்சொல் முரளிதரனை அரங்கெங்கும் பின்தொடர்ந்தது. நடுவர்கள் தம் கண்ணுக்குப் பட்டதைக் கூறினர். அது அவர்தம் கடமை. ஆயின், ஒரு மனிதனின் பெயரும் வாழ்வும் அக்கண்களையே நம்பியிருந்தன.

அளவுகோல் பிறந்த கதை

1996ஆம் ஆண்டிலேயே மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் முரளிதரனின் பந்துவீச்சு ஆராயப்பட்டது. மடங்கிய கையும் சுழலும் மணிக்கட்டும் இணைந்து, எறிவது போன்ற தோற்றமயக்கத்தை உண்டாக்குகின்றன என அறிஞர்கள் கண்டறிந்தனர்.

2004இல் அவர் வீசிய ‘தூஸ்ரா’ என்னும் எதிர்ச்சுழல் பந்து புதிய ஐயத்தை எழுப்பியது. அப்பந்தை வீசுகையில் அவர் முழங்கை 14 பாகை நிமிர்வதாகவும், பயிற்சிக்குப் பின் அது 10.2 பாகையாகக் குறைந்ததாகவும் ஆய்வு காட்டியது. அன்றைய வரம்பின்படி சுழற்பந்துவீச்சாளர்க்கு 5 பாகையும், மிதவேக வீச்சாளர்க்கு 7.5 பாகையும், வேகப்பந்துவீச்சாளர்க்கு 10 பாகையும் இசைவளிக்கப்பட்டிருந்தன. எனவே, அப்பந்து விதியை மீறியது. அதே ஆண்டில், எஃகுக் கம்பிகள் பொதிந்த கட்டினைக் கையில் பிணைத்து, முழங்கை நிமிர வழியில்லாதபடி செய்துகொண்டு, தம் பந்து வகைகளை அவர் படக்கருவியின் முன் வீசிக் காட்டினார்.

பன்னாட்டுக் கிரிக்கெட் மன்றம் முரளிதரனோடு நில்லாமல் பிற பந்துவீச்சாளர்களையும் ஆராய்ந்தது. முடிவு வியப்பளித்தது. ஏறத்தாழ எல்லாருடைய முழங்கையும் சிறிதளவேனும் நிமிர்ந்தது. எவரும் குறைகூறாத கிளென் மெக்ராத், ஷான் போலாக் போன்ற வேகப்பந்துவீச்சாளர்களும் 10 பாகை வரம்பைக் கடந்திருந்தனர். நேரான கை எனக் கண் நம்பியது, அளந்தபோது நேராக இல்லை. விதியை எழுத்துக்கு எழுத்து நடைமுறைப்படுத்தினால் பந்து வீச எவரும் எஞ்சமாட்டார் என்னும் நிலை தோன்றியது.

ஆகவே, 2005 மார்ச் முதல் நாளிலிருந்து எல்லார்க்கும் 15 பாகை என்னும் ஒரே வரம்பு நடைமுறைக்கு வந்தது. அவ்வளவைத் தாண்டும்போதே நிமிர்வு வெறுங்கண்ணுக்குப் புலப்படும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். ஒருவருக்காகவே விதி வளைக்கப்பட்டது எனக் குறைகூறியோரும் உளர். எனினும், பலரை அளந்து பெற்ற உண்மையின் மீதே அத்திருத்தம் எழுந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

2010 சூலை 22ஆம் நாள், காலி நகரில் இந்திய அணிக்கு எதிராகத் தம் இறுதித் தேர்வுப்போட்டியின் கடைசிப் பந்தில் முரளிதரன் 800ஆவது விக்கெட்டை வீழ்த்தினார். தேர்வுப்போட்டிகளில் அவ்வெண்ணிக்கையை வேறு எவரும் எட்டியதில்லை.

போரூரில் ஒரு சோதனைக்கூடம்

ஐயத்திற்குரிய பந்துவீச்சை அளக்கும் ஏற்பளிக்கப்பட்ட மையம் ஒன்று சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்திலும் அமைந்தது. 2015 ஏப்ரலில் இங்கு நடைபெற்ற சோதனையின் பயனாய்ப் பாகிஸ்தானின் முகமது ஹபீஸ் மீண்டும் பந்து வீச இசைவு பெற்றார். அதே ஆண்டு சூலையில் இங்கு நிகழ்ந்த மறுசோதனையில் அவருடைய முழங்கை வரம்பை மீறியது கண்டறியப்பட்டு, ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. கருவிக்கு வேண்டியவரும் இல்லை, வேண்டாதவரும் இல்லை. விடுவிக்கும் அளவே தண்டிக்கவும் செய்கிறது. முன்னைய காலத்தில் ஓர் ஓவரில் முடிந்த வாழ்வுகளைப் போலன்றி, இன்று குறையைத் திருத்திக்கொண்டு மீண்டும் சோதனைக்கு வரும் வாய்ப்பும் பந்துவீச்சாளர்க்கு உண்டு.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாய்மொழி. கிரிக்கெட் உலகம் இவ்வுண்மையை உணர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. ஐயுறுவது எளிது, பழிச்சொல் வழங்குவது அதனினும் எளிது. அளந்தறிந்த பின்னரே தீர்ப்புரைப்பது அறம். அவ்வாறு அளக்கையில் பிழை மனிதரிடமன்றி விதியிலேயே இருப்பதாகத் தெரிந்தால், விதியைத் திருத்துவதும் அறமே.

தெரிந்து தெளிவோம்

பந்துவீச்சாளரின் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகிய இடங்களில் ஒளியை எதிரொளிக்கும் சிறு குமிழ்கள் ஒட்டப்படுகின்றன. சுற்றிலும் பொருத்தப்பட்ட அதிவேகப் படக்கருவிகள் அவற்றின் அசைவைப் பதிவுசெய்ய, கணினி கையின் முப்பரிமாண வடிவை அமைக்கிறது. கை கிடைமட்டத்தை அடையும்போது முழங்கை மடங்கியிருக்கும் கோணத்திற்கும், அதன்பின் பந்து விடுபடும் வரை அது நிமிர்ந்து எட்டும் கோணத்திற்கும் உள்ள வேறுபாடே நிமிர்வின் அளவாகும். சான்றாக, 38 பாகை மடங்கிய முழங்கை 28 பாகைக்கு வந்தால் நிமிர்வு 10 பாகை. அது வரம்பிற்கு உட்பட்டது.

கற்பவை கற்றபின்

1. ‘மடங்கிய கை குற்றமன்று, நிமிரும் கையே குற்றம்’ – இக்கூற்றைச் சான்றுடன் விளக்குக.

2. ஜெஃப் கிரிஃபின், முரளிதரன் ஆகிய இருவரின் நிலைகளை ஒப்பிட்டு, காலவேறுபாடு தீர்ப்பை எவ்வாறு மாற்றியது என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.

3. ‘ஆட்டத்தின் தீர்ப்பு நடுவரின் கண்ணுக்கா, கருவியின் அளவுக்கா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.