நோயாளிக்கு ஒன்று! போலீசுக்கு ஒன்று!

இத்தாலி மொழியில் "ரெபெர்தோ" என்று ஒரு சொல் உண்டு. நடந்ததை எடுத்துச் சொல்லுவது என்பது அதன் கருத்து. இதே சொல் ஆஸ்பத்திரியில் ஒரு பொருள் தருகிறது. கோர்ட்டில் வேறு பொருள் தருகிறது!

ஆஸ்பத்திரியில்

நோயாளியின் இரத்தத்தைப் பரிசோதிக்கிறார்கள். எக்ஸ்ரே படம் எடுக்கிறார்கள். என்ன தெரிந்தது என்பதை டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். அந்தக் காகிதம்தான் ரெபெர்தோ. நம் ஊரில் "ரிப்போர்ட்டு" என்கிறோமே, அதுதான். அது நோயாளியின் கைக்குப் போகும்.

சட்டத்தில்

நள்ளிரவில் ஒருவர் டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் விலாவில் கத்திக்குத்து. டாக்டர் காயத்தைத் தைத்துக் கட்டுப் போடுகிறார். அதோடு அவர் வேலை முடிந்துவிடவில்லை.

48 மணி நேரத்துக்குள் அரசாங்க வக்கீலுக்கோ, போலீஸ் அதிகாரிக்கோ அவர் தகவல் எழுதி அனுப்ப வேண்டும். தாமதித்தால் ஆபத்து என்றால் உடனே அனுப்ப வேண்டும். காயம் பட்டவர் யார்? எங்கே, எப்போது சிகிச்சை நடந்தது? காயம் எதனால் ஏற்பட்டது? தெரிந்தவரை எல்லாவற்றையும் எழுதவேண்டும். இந்தக் கடிதத்துக்கும் ரெபெர்தோ என்றே பெயர்!

யாரும் புகார் கொடுக்காவிட்டாலும் அரசாங்கமே வழக்கு நடத்தவேண்டிய குற்றங்களுக்கு இது பொருந்தும். நர்சு, மருத்துவச்சி ஆகியோருக்கும் இந்தக் கடமை உண்டு.

எழுதாமல் விட்டாலும், காலம் கடத்தினாலும் குற்றம். 516 யூரோ வரை அபராதம் போடலாம். 1930-ம் ஆண்டில் வந்த இத்தாலிய தண்டனைச் சட்டத்தின் 365-வது பிரிவு, இதைப் பற்றியதுதான்.

காயம் பட்டவன் திருடன் என்றால்?

திருடப் போன இடத்தில் ஒருவன் குண்டடி பட்டு, டாக்டரிடம் ஓடி வருகிறான். டாக்டர் தகவல் கொடுத்தால் அவன் மீதே வழக்கு வரும். அப்போது டாக்டர் என்ன செய்வது?

எழுதவேண்டிய கட்டாயம் இல்லை! அதே 365-வது பிரிவு இதற்கு விலக்கு அளிக்கிறது.

இது என்ன நியாயம் என்று கேட்கலாம். டாக்டர் காட்டிக் கொடுப்பார் என்று தெரிந்தால் அவன் வைத்தியத்துக்கே வரமாட்டான். எங்காவது ஒளிந்து கிடந்து, இரத்தம் கொட்டிச் செத்துப்போவான்.

குற்றவாளியைப் பிடிக்கப் போலீஸ் இருக்கிறது. உயிரைக் காக்க டாக்டர்தான் இருக்கிறார். முதலில் உயிர், அப்புறம் வழக்கு என்கிறது சட்டம்.