உம்மாவுக்கு எத்தனை கலோரி?

"அளவாகச் சாப்பிட்டு, இப்போதுள்ள எடையைக் கூடாமலும் குறையாமலும் பேணுங்கள்" என்று மருத்துவர் உம்மாவிடம் சொன்னார். அந்த அளவு எவ்வளவு என்று நாங்கள் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உம்மா இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் தையல் மெஷினில் இருந்தபோது கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. சீனி வருத்தத்துக்குக் குளிசை குடிப்பவர் சாப்பாட்டைத் தவிர்த்தால், இரத்தத்தில் சீனி மிகவும் குறைந்துவிடலாம் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

அதன் பிறகே நான் கணக்குப் பார்க்கத் தொடங்கினேன்.

நாம் சும்மா படுத்திருந்தாலும் இதயமும் மூளையும் நுரையீரலும் சக்தியைச் செலவழிக்கின்றன. 1990இல் வெளியான மிஃப்லின் – செயின்ட் ஜியோர் சூத்திரம் இச்செலவை மதிப்பிட உதவுகிறது. எடையை (கிலோ) 10ஆலும், உயரத்தை (செ.மீ.) 6.25ஆலும், வயதை 5ஆலும் பெருக்க வேண்டும். முதல் இரண்டையும் கூட்டி, மூன்றாவதைக் கழிக்க வேண்டும். பின்னர் பெண்களுக்கு 161ஐக் கழிக்க வேண்டும். ஆண்களுக்கு 5ஐக் கூட்ட வேண்டும்.

உம்மாவின் எடை 55, உயரம் 150, வயது 40.

550 + 937.5 − 200 − 161 = 1126.5 கிலோகலோரி.

இதை அன்றாட உழைப்புக்கேற்ற எண்ணால் பெருக்க வேண்டும். அசையாமல் இருந்து வேலை செய்வோருக்கு 1.2, இலேசான உழைப்புக்கு 1.375, நடுத்தர உழைப்புக்கு 1.55, கடும் உழைப்புக்கு 1.725. தையலும் வீட்டு வேலையும் செய்யும் உம்மாவுக்கு 1.375 எனக் கொண்டால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1550 கிலோகலோரி.

அப்போது சட்டை தைக்கக் கொடுக்க வந்திருந்த தோட்டத்து அக்கா, "எனக்கும் பார்த்துச் சொல்லும்மா" என்றார். அவருக்கும் அதே வயது, ஏறக்குறைய அதே உடல்வாகு. ஆனால் அவர் கூடையைச் சுமந்து, நாள் முழுதும் மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து பறிப்பவர். 1.725ஆல் பெருக்கினேன். 1940ஐத் தாண்டியது!

வித்தியாசம் கிட்டத்தட்ட 400. சமைத்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 130 கிலோகலோரி உண்டு. அப்படியானால் அக்காவுக்கு உம்மாவைவிட 300 கிராம் சோறு கூடுதலாகத் தேவை. "காலையில ஒரு ரொட்டி, சீனி போட்ட பிளேன்டீ, அவ்வளவுதான். சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆகுது" என்றார் அவர். சட்டையைப் பிடித்துத் தைக்க வந்தவருக்கு உண்மையில் தேவைப்பட்டது சாப்பாடுதான். காரணமில்லாமல் எடை குறைந்தால் மருத்துவரிடமும் காட்ட வேண்டும் என்று உம்மா சொல்லி அனுப்பினார்.

சூத்திரம் தருவது மதிப்பீடு மட்டுமே. கிழமைக்கு ஒருமுறை, ஒரே தராசில், காலை வெறும் வயிற்றில் எடை பாருங்கள். மூன்று நான்கு கிழமைகள் மாறாதிருந்தால், நீங்கள் சாப்பிடும் அளவே உங்களுக்குரிய அளவு.

தோழிகளே, இச்சூத்திரம் வளர்ந்தவர்களை ஆராய்ந்து உருவாக்கப்பட்டது. நாம் இன்னும் வளரும் வயதினர். இதைக் காட்டிக் காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள்.

உம்மா இப்போது இரவிலும் சாப்பிடுகிறார். மருத்துவரிடம் கேட்டு, அளவு தெரிந்து.