சார்ஜ் என்னும் சுமை

தாயகம் விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு நாள்தோறும் மூன்று மொழிகளோடு பழக வேண்டியிருக்கிறது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் அவ்வூர் மொழி, அலுவலகத்திலும் வங்கியிலும் பெரும்பாலும் ஆங்கிலம். இம்மூன்றினுள்ளும் தடையின்றி உலவி வரும் ஆங்கிலச் சொற்கள் சில உண்டு. அவற்றை நாம் அயற்சொற்கள் என்று எண்ணுவதே இல்லை. ‘சார்ஜ்’ என்பது அத்தகைய ஒரு சொல்.

கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றுகிறோம். பஸ் சார்ஜ் கூடிவிட்டதென்று வருந்துகிறோம். புதிய அதிகாரி சார்ஜ் எடுத்துக்கொண்டார் என்கிறோம். ஊர்வலத்தில் லத்தி சார்ஜ் நடந்தது என்றும், போலீசார் சார்ஜ் ஷீட் தாக்கல் செய்தனர் என்றும் கேள்விப்படுகிறோம். மருத்துவமனையிலிருந்து உறவினர் டிஸ்சார்ஜ் ஆனார் என்று மகிழ்கிறோம். ஒலி ஒன்றே, பொருளோ இடத்துக்கு இடம் வேறு.

இதனால் விளையும் குழப்பம் வெறும் வேடிக்கையோடு நின்றுவிடுவதில்லை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதனை உணர்த்தியவர், தில்லியில் எங்கள் தெருவில் குடியிருந்த விருதுநகர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர். ஒரு தனியார் நிறுவனத்தின் பண்டகசாலையில் அவர் எழுத்தராக இருந்தார். அங்கே பொறுப்பாளராயிருந்த முதியவர் ஓய்வு பெற்றுச் சென்ற சில நாட்களில், இவருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. உடன் பணிபுரிந்த ஒருவர் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, உனக்குச் சார்ஜ் கொடுத்திருக்கிறார்கள் என்று இந்தியில் சொல்லியிருக்கிறார். இளைஞர் ஊருக்குத் தொலைபேசியில் தாயாரை அழைத்துச் செய்தி சொல்லிவிட்டு, எனக்கும் இனிப்புக் கொண்டுவந்தார். “அண்ணாச்சி, இனிமேல் கோடவுன் நம்ம பொறுப்பு” என்று சொல்லிக் கடிதத்தையும் நீட்டினார்.

படித்த எனக்கு இனிப்பு தொண்டையில் இறங்கவில்லை. சரக்கிருப்பில் குறைவு காணப்பட்டதாக அவர்மீது குற்றம் சாட்டி, ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவேண்டும், தவறினால் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று கொள்ளப்படும் என அக்கடிதம் கூறியது. நான்கு நாட்கள் கழிந்துவிட்டிருந்தன. அன்றிரவே அமர்ந்து, அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். குறைவு, தாம் பணியில் சேருவதற்கு முன்னரே இருப்பேட்டில் ஏறியிருந்தது என்பதை அவர் தேதியோடு காட்ட முடிந்தது. விளக்கம் உரிய நாளில் சேர்ந்தது. விசாரணைக்குப்பின் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. இன்னும் மூன்று நாட்கள் அந்த இனிப்பிலேயே கழிந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் எவ்வாறு வந்தது? இதனை அறிய அச்சொல்லின் பிறப்பை நோக்க வேண்டும். இன்றைய பிரான்சு நாட்டுப் பகுதியில் பண்டைக்காலத்தில் வாழ்ந்த கெல்டிய இனத்தாரின் மொழியிலிருந்து, சக்கர வண்டியைக் குறிக்கும் ‘காரஸ்’ என்னும் சொல் லத்தீனுக்குச் சென்றது. பிற்கால லத்தீனில் ‘காரிக்காரே’ என்றால் வண்டியில் பாரம் ஏற்றுதல் என்பது பொருள். அதுவே பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக, 13ஆம் நூற்றாண்டில் ‘சார்ஜ்’ என்று ஆங்கிலத்துக்கு வந்தது. நாம் ஏறிச் செல்லும் ‘கார்’, கப்பலில் செல்லும் ‘கார்கோ’ ஆகிய இரண்டும் இதன் உடன்பிறந்தவையே. ஆகவே, சார்ஜ் என்றால் சுமை, சுமை ஏற்றுதல். இந்த ஒரு படத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், பிற பொருள்கள் யாவும் தாமே விளங்கும்.

பீரங்கியில் மருந்து கெட்டிப்பது அதற்குச் சுமை ஏற்றுவது. அதுவும் சார்ஜ் எனப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் மின்னாற்றலை ஆராய்ந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், கண்ணாடிச் சாடிகளில் மின்சாரத்தைச் சேமிப்பதற்கும் இச்சொல்லையே ஆண்டார். பீரங்கி வரிசையைக் குறித்த ‘பாட்டரி’ என்ற சொல்லை மின் சாடிகளின் வரிசைக்கு வழங்கியவரும் அவரே. இன்று நம் கைப்பேசிக்கு நாம் ஏற்றுவதும் அந்தச் சுமைதான். படைவீரர் தம் வேகத்தின் முழுப் பாரத்தையும் எதிரியின்மேல் செலுத்திப் பாய்வதும் சார்ஜ். லத்தி சார்ஜ் அதன் வழியில் வந்தது. அதற்குத் தமிழில் ‘தடியடி’ என்னும் நல்ல சொல் இருக்கிறது.

வாங்குபவர் தலையில் ஏற்றும் பணச்சுமை கட்டணம். பணியாளர் தோளில் ஏற்றும் கடமைச் சுமை பொறுப்பு. ஒருவர்மேல் ஏற்றும் பழிச்சுமை குற்றச்சாட்டு. இவற்றைத் தனித்தனியே நோக்கும்போது தமிழும் இதே பாதையில் நடந்திருப்பது புலனாகும். பொறுத்தல் என்றால் தாங்குதல்; அதிலிருந்து பிறந்தது ‘பொறுப்பு’. குற்றத்தையும் பழியையும் நாம் ‘சுமத்து’கிறோம். வரியும் கடனும் நமக்குச் சுமைகளே. ‘கடன்’ என்ற ஒரே சொல் திருப்பித் தரவேண்டிய பணத்தையும் செய்யவேண்டிய கடமையையும் சுட்டுவதை எண்ணிப் பாருங்கள். எனவே, ஆங்கிலத்தின் பன்மைப் பொருளைக் கண்டு நாம் மலைக்க வேண்டியதில்லை.

சட்டத் துறையில் மட்டும் மிகுந்த விழிப்பு வேண்டும். போலீசார் புலனாய்வை முடித்து நீதிமன்றத்தில் அளிக்கும் அறிக்கையை மக்கள் சார்ஜ் ஷீட் என்கின்றனர். தமிழில் அது குற்றப்பத்திரிகை. ஆனால், அதனைப் பரிசீலித்து, இன்ன குற்றத்துக்காக இவரை விசாரிக்கலாம் என்று நீதிமன்றம் தானே வரையறுப்பது மற்றொரு படி. சட்டப்படி சார்ஜ் எனப்படுவது இதுவே. குற்றப்பத்திரிகை தாக்கலான மாத்திரத்தில் ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை.

இனி, இறக்கும் சொல்லான ‘டிஸ்சார்ஜ்’ என்பதை நோக்குவோம். மருத்துவமனையில் அது வீடு திரும்புதல், படையில் பணியினின்று விடுபடுதல், கடனில் தீர்த்தல், ஆற்றில் வெளியேறும் நீரின் அளவு. நீதிமன்றத்தில், போதிய ஆதாரம் இல்லையென்று விசாரணைக்கு முன்னரே ஒருவரை விடுவிப்பது டிஸ்சார்ஜ். விசாரணை முடிந்து குற்றவாளி அல்லர் என்று தீர்ப்பளிப்பது வேறு. அதனை விடுதலை என்கிறோம். விடுதலை பெற்றவரை அத்தீர்ப்பு நிலைத்திருக்கும் வரை அதே குற்றத்துக்காக மீண்டும் விசாரிக்க இயலாது. விடுவிப்போ விடுதலை ஆகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 337ஆம் பிரிவு இதனைத் தெளிவாகக் கூறுகிறது. இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லால் மொழிபெயர்ப்பவர், அறியாமலே ஒருவருக்குப் பொய்யான நிம்மதியைத் தந்துவிடுகிறார்.

சொத்திலும் சார்ஜ் உண்டு. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம், 100ஆம் பிரிவில் இதனை விளக்குகிறது. அடைமானம் ஆகாமலே, ஒருவருடைய நிலமோ வீடோ மற்றவருக்குத் தரவேண்டிய பணத்துக்குப் பிணையாவது இது. அயலூரில் வீடு வாங்குவோர், விற்பவர் காட்டும் தாளில் இச்சொல்லைக் கண்டால், கட்டணம் என்று கருதிக் கடந்து போகலாகாது. சொத்தின்மேல் ஏறியிருக்கும் சுமை அது.

நாட்டின் கருவூலத்துக்கும் இச்சொல் உரியது. குடியரசுத் தலைவரின் ஊதியம், உச்சநீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம் முதலியவை இந்தியத் தொகுப்பு நிதியின்மேல் ‘சார்ஜ்’ செய்யப்பட்ட செலவுகள் என்று அரசியலமைப்பின் 112ஆம் பிரிவு கூறுகிறது. நாடாளுமன்றம் இவற்றைப் பற்றி விவாதிக்கலாம், வாக்கெடுப்புக்கு விடுவதில்லை. நிதியின்மேல் முன்னரே சுமத்தப்பட்ட பாரம் என்பதே இதன் கருத்து.

மொழிபெயர்ப்பாளரைச் சறுக்கவைக்கும் நுட்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் குழந்தைக்கு ‘இன் சார்ஜ்’ என்றால், குழந்தை அவர் பொறுப்பில் இருக்கிறது. இடையில் ‘தி’ என்னும் ஒரு சிறு சொல் புகுந்து, ‘இன் தி சார்ஜ்’ ஒருவருடையது என்று வந்தால், பொறுப்பேற்றவரும் பொறுப்பில் இருப்பவரும் இடம் மாறிவிடுகின்றனர். அவ்வாறே ‘சார்ஜ்டு வித்’ என்பதன்பின் கடமை வந்தால் ஒப்படைப்பு. களவு வந்தால் குற்றச்சாட்டு. சொல்லின் பொருளை அதன் அண்டைவீட்டாரே சொல்லுகின்றனர்.

ஆகையால் அன்பர்களே, இச்சொல் தாங்கிய கடிதம் உங்கள் கைக்கு வந்தால் மூன்று வினாக்களை எழுப்புங்கள். சுமத்தப்படுவது பணமா, பணியா, பழியா? யார்மேல் சுமத்தப்படுகிறது? எந்த நாளுக்குள் விடை தரவேண்டும்? தெளிவில்லையெனில், அறிந்த ஒருவரிடம் அன்றே காட்டுங்கள். அதில் வெட்கம் ஏதுமில்லை. நம் ஊர்ச் சாலையோரங்களில் முன்னோர் சுமைதாங்கிக் கற்களை நிறுத்திவைத்தனர். தலையில் பாரத்துடன் தனியே நடந்து வருபவர், பிறர் உதவியின்றி அதனை இறக்கிவைத்து இளைப்பாறுவதற்கு அவை உதவின. அயல்மொழியின் பாரத்தோடு அயலூரில் நடப்பவர்க்கு, படித்த தமிழர் ஒவ்வொருவரும் ஒரு சுமைதாங்கியாக நிற்கலாம். அடுத்த வீட்டார் ஒரு கடிதத்தை நீட்டினால், வாங்கி முழுவதும் படித்துச் சொல்லுங்கள்.