விளிம்பாகிப்போன காடுகள்

ஒரு மரம் ஓரிடத்தில் வேரூன்றி நிலைப்பதை ஒளி, ஈரம், வெப்பம், மண், காற்று ஆகியவை கூடித் தீர்மானிக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் உயரம் கூடக்கூட வெப்பம் குறைவதாலும், வடக்கே செல்லச்செல்ல மழையற்ற மாதங்கள் மிகுவதாலும், ஒரே மழைக்காட்டுத் தொடரிலும் மர இனங்கள் இடத்துக்கிடம் வேறுபடுகின்றன. ஆனைமலையின் நடுத்தர உயரங்களில் வெடிப்பலாவும் நாங்கும் ஓங்கி நிற்பது இதனால்தான்.

ஆனைமலையின் ஒரு பகுதியாகிய வால்பாறைப் பீடபூமியில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிக் காடு திருத்தப்பட்டுக் காபி, தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. எஞ்சிய காடு அவற்றினிடையே சிறுசிறு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. மழையும் உயரமும் மாறாதிருந்தும் இத்துண்டுகளின் மரங்கள் மாறிவருவதற்கு, காடு வெட்டவெளியைச் சந்திக்கும் ஓரத்தில் வெயிலும் காற்றும் உட்புகுந்து நிலத்தை உலர்த்துவதே முதற்காரணமாகும்; இதனை 'விளிம்பு விளைவு' என்பர்.

விளிம்பின் தாக்கம் 100 மீட்டர் உள்ளே செல்வதாகக் கொண்டால், 100 ஹெக்டேர் சதுரக் காட்டில் 64 ஹெக்டேர் தாக்கமின்றி எஞ்சும். 10 ஹெக்டேர் காட்டிலோ ஒன்றரை ஹெக்டேர்கூட எஞ்சாது. 1 ஹெக்டேர் காடு முழுவதும் விளிம்பாகவே ஆகிவிடும். பிரேசிலின் மனாஸ் நகருக்கு அருகே இதே மூன்று அளவுகளில் காட்டுத் துண்டுகளை ஒதுக்கி 1979இல் தொடங்கப்பட்ட நெடுங்கால ஆய்வு, விளிம்பையொட்டிய பெருமரங்கள் காற்றாலும் வறட்சியாலும் விரைந்து மடிவதையும், அவ்விடங்களை வெயில் விரும்பும் 'முன்னோடி மரங்கள்' பிடித்துக்கொள்வதையும் காட்டியது. நம் மலைகளில் வட்டக்கண்ணி அத்தகைய முன்னோடி.

மழைக்காட்டின் முதிர்ந்த மரங்கள் பலவற்றின் விதைகள் பெரியவை. உலர்ந்தால் முளைக்கும் திறனை இழப்பவை. அவற்றின் கன்றுகளுக்கு நிழலும் ஈரமும் வேண்டும். விதைகளைத் தாய்மரத்திலிருந்து தொலைவுக்குக் கொண்டுசெல்ல விலங்கும் வேண்டும். காட்டுச் சாதிக்காய், கருங்குங்கிலியம் போன்றவற்றின் விதைகளைப் பரப்பும் இருவாட்சிப் பறவைகள் ஒரு துண்டுக்கு வராமற்போனால், அங்கே ஈரம் இருந்தும் பயனில்லை. அதே வேளையில், பக்கத்துத் தோட்டத்திலிருந்து பரவும் ரொபஸ்டா காபிச் செடி அடித்தளத்தை நிரப்பிவிடுகிறது.

நூற்றாண்டு கடந்த வெடிப்பலா ஒன்று இத்தகைய துண்டில் இன்றும் பூத்துக் காய்க்கலாம். ஆயினும் அது காடு முழுமையாக இருந்த காலத்தின் நிழலில் முளைத்த மரம். அண்மைப் பதிற்றாண்டுகளில் வால்பாறையில் நடைபெறும் மீட்டெடுப்புப் பணிகளில், களைகளை அகற்றி, அந்தந்த உயரத்துக்குரிய மழைக்காட்டு மரங்களின் கன்றுகளைப் பல இனங்களாகக் கலந்து நடுவது, அறுந்துபோன இந்தத் தலைமுறைத் தொடர்ச்சியை மீண்டும் கோப்பதற்கே. துண்டுக் காட்டின் உயிர்ப்பை அண்ணாந்து பார்த்து அளக்க இயலாது. பெருமரத்தின் காலடியில் அதன் இனக் கன்று நிற்கிறதா என்பதைக் குனிந்து பார்த்தே அளக்க வேண்டும்.